ஜன்னல் பக்கம் கொஞ்சம் கம்மி

எனக்கும் என் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது ரெசிஸ்டருக்காகத்தான். மற்ற வீடுகளில் நகை, நாத்தனார் என்று ஆயிரம் இருக்கும். எங்களுக்கு அது ஒன்றே போதும்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் நாங்கள் ப்ரீஆம்ப் செய்கிறோம். ரெக்கார்டு பிளேயரிலிருந்து வருகிற மெல்லிய சிக்னலை வாங்கி, அதன் குணம் மாறாமல் பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கிற பெட்டி அது. வருஷத்துக்கு நாலோ ஐந்தோதான் செய்வோம். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் விழுப்புரத்தில் சொல்லிக் கம்பி சுற்ற வைத்து வாங்குவோம். சர்க்யூட் வரைவதும், கடைசியில் காதால் கேட்டு முடிவு சொல்வதும் அவர். அளப்பதும் சால்டர் வைப்பதும் நான். வால்யூம் திருகுகிற சுவிட்சில் இருபத்து நாலு படி. ஒவ்வொரு படியிலும், சிக்னலை அளவாகக் குறைத்து அனுப்ப, இடது பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர், வலது பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும். நூறு நூறாக வாங்கி, ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்து ஜோடி சேர்ப்பேன். எங்கள் ஜாதகத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

வானூரில் ஒரு டாக்டருக்காகச் செய்த பெட்டி வெள்ளிக்கிழமை போக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கேட்க உட்கார்ந்தார். கேட்டுப் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரே பாட்டுதான். ஒலக்கூரைச் சேர்ந்த சவுரியம்மாள் சர்ச்சில் தனியாகப் பாடியதை, இரண்டு மைக் வைத்து அவரே பதிவு செய்தது. பெட்டி சரியாக இருந்தால், அந்தம்மா இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நின்று பாடுவது போலக் கேட்கும். எங்கள் ஸ்பீக்கரில் ஒன்று ஜன்னலோரம் இருக்கிறது, இன்னொன்று பீரோவோரம்.

"ஜன்னல் பக்கம் கொஞ்சம் கம்மியா கீது வேணி," என்றார். "அந்தம்மா பீரோ பக்கமா நவுந்து நின்னுக்கினு பாடுது."

நான் மீட்டரை வைத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"மீட்டரா ஒக்காந்து பாட்டு கேக்கப் போவுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் கேட்டுப் பார்த்துச் சொல்கிறவர் அவர்தானே. ஜன்னல் பக்கத்து ரெசிஸ்டர்களை மாற்றினேன். மீட்டரில் அந்தப் பக்கம் எகிறியது. அவரோ "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி மாற்றினேன். பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஜோடிகளை என் கையாலேயே பிரித்துப் போட்டேன். புதன்கிழமை சாயங்காலம் வெறுத்துப் போய், அவரிடம் சொல்லிவிட்டே எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். அன்றைக்குச் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். அந்த நேரத்தில், பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சொருகிவிட்டேன். குறை பெட்டியில் இருந்தால், இப்போது பீரோ பக்கம் கம்மியாகக் கேட்க வேண்டும். ரிப்பேர் வேலை கற்றுக்கொள்கிறவர்கள் முதல் வாரத்திலேயே செய்கிற சோதனை இது. மனுஷரை மடக்கிவிடலாம் என்றுதான் செய்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அதே ஜன்னல் பக்கந்தான் கம்மி."

அப்படியானால் குறை பெட்டியில் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அனந்தபுரம், ஒலக்கூர் என்று மைக் செட் கட்டப் போனவர் அவர். திருவிழா முடிகிற வரை குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே நிற்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் அவருக்கு இடது கைப்பக்கம். படுக்கையிலும் நான் அவருக்கு இடது பக்கம்தான். ஆறு மாசமாக நான் படுத்துக்கொண்டு சொன்னதற்கெல்லாம் பதிலே வராது. கல்நெஞ்சக்காரர் என்றெல்லாம் திட்டியிருக்கிறேன். பாவி, கேட்டிருந்தால்தானே பதில் சொல்லியிருப்பார்.

அவருக்கென்று இருக்கிற ஒரே பெருமை அந்தக் காதுதான். அது போய்விட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அதனால் பொய் சொன்னேன்.

"என் சால்டரிங்லதாங்க தப்பு. ஒரு எடத்துல சரியா புடிக்கல. சாயங்காலத்துக்குள்ள பாத்துடறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "இன்னா சொன்ன?"

"என் மேலதான் தப்புன்னு சொன்னேன்."

"இத்தினி வருஷத்துல ஒரு வாட்டியாச்சும் நீ இத சொல்லியிருக்கியா?"

அவர் எழுந்து போய்ப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தார். சிவப்பு ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தது.

"எப்ப மாத்தின?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப."

மிச்சத்தை அவரே செய்தார். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றினார். ஜன்னல் பக்கம்தான் கம்மி. இருவருமாகத் தூக்கி ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினோம். ஜன்னல் பக்கம்தான். சத்தம் வெளியே போகிறதோ என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அப்போதும் அதேதான். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வேணாங்க. அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

அவர் நாற்காலியைத் தூக்கி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது ஜன்னல் அவருக்கு வலது கைப்பக்கம்.

"போடு," என்றார்.

போட்டேன். அவருடைய முதுகை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. பாட்டு முழுவதும் அசையாமல் இருந்தார்.

"இப்ப பீரோ பக்கம் கம்மி," என்றார். திரும்பாமலே, "பொட்டி நல்லாத்தான் கீது வேணி. எனக்குத்தான் ஒரு பக்கம் அவிஞ்சி போச்சி," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, "விழுப்புரத்துல காது டாக்டர பாத்துக்கினு வரலாங்க," என்றேன்.

"போவலாம். அதுக்கு முன்னாடி நீ இங்க ஒக்காரு."

நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி என்னை உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"எனக்கு பாட்டப் பத்தி இன்னாங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். கேக்கறத சொல்லு, போதும்."

ஒயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு, எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா பாடறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்குது," என்றேன்.

"ம்."

"வளையல் லேசா சத்தம் போடுது. தூரத்துல யாரோ தொண்டைய செருமறாங்க."

"அது நான்தான்."

அழுதுகொண்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வந்தார்.

"அந்தம்மா எங்க நிக்குது வேணி? நல்லா கேட்டுச் சொல்லு."

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஜன்னல் பக்கமும் இல்லை, பீரோ பக்கமும் இல்லை.

"நட்டநடுவுல நிக்குதுங்க."

"கொஞ்சங்கூட நவுரல?"

"நவுரல."

அவர் என் முழங்கால் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அப்ப அனுப்பிடு," என்றார்.