பியானோ யார் பின்னால் போகும்

பொட்டிக்காரன் என்று வீட்டில் பெயரெடுத்தவனுக்கு அன்றைக்கு ஒரே கவலைதான்: பியானோ நின்றுவிடக் கூடாது. பியானோ என்றால் அவனுடைய பொட்டிக்குள், அதாவது மடிக்கணினிக்குள், இருக்கும் நிரல். பாட்டெல்லாம் அதற்குத் தலைகீழ் மனப்பாடம். வேகத்தை மட்டும், வயலின்காரரின் சட்டைக் காலரில் மாட்டிய குட்டி மைக் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அவர் ஓடினால் ஓடும், நடந்தால் நடக்கும்.

வயலின்காரர் அவனுடைய அக்கா புருஷன். வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுதான் இந்த நிரலை எழுதி முடித்தான். ஏற்கெனவே இரண்டு கச்சேரிகளில் அத்தானின் வேகம் பிடிபடாமல் பியானோ நடுவில் ஊமையாகிவிட்டது. அரங்க மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார்: "இன்னைக்கும் நின்னுச்சுன்னா பொட்டியும் வேணாம் தம்பி, நீயும் வேணாம்."

பாதிப் பாட்டில் மேடையேறியது வயலின்காரரின் அண்ணன். பொட்டி வருவதற்கு முன்பு டிரம்ஸ் வாசித்தவர்.

"இத்தனை வருஷமா உன் பின்னாலயே மூச்சு வாங்க ஓடி வந்தேன்டா. இப்ப இது ஓடுதா?"

"பாட்டு முடியட்டும்ணே. பேசிக்கலாம்."

"நீ என்னைக்கு ஒழுங்கா முடிச்சிருக்க?"

அண்ணன் வயலினைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறுக்குப் போல உடைத்தார். பியானோ திக்கியது. பொட்டிக்காரனுக்கு உயிர் போய்விட்டது. அத்தானின் நெஞ்சில் முதல் குத்து விழுந்தது. உயிர் திரும்பி வந்தது. மைக்குக்குத் தாளம் கிடைத்துவிட்டதல்லவா, பியானோ நடந்தது.

தம்பியைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து அண்ணன் குத்தினார். நிதானமாகக் குத்தினால் பியானோ நிதானமாக வந்தது. இரட்டித்தால் இரட்டித்தது. நாலாவது குத்திலேயே அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அவர் முன்னால் போக, ஒருவர் பின்னால் வருகிறார். இப்படிப்பட்ட சுகத்தை யாராவது பாதியில் விடுவார்களா? உதடு கிழிந்தது, பல் ஒன்று மேடையோரம் உருண்டது, தாளம் மட்டும் இம்மி பிசகவில்லை. அத்தான் வாசித்தபோது இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை.

இதெல்லாம் நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான் என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். மேனேஜரும் தலையாட்டினார்.

முன்வரிசையிலிருந்து அக்கா கத்தினாள். "தம்பி, ஒயரைப் பிடுங்குடா. பாட்டு நின்னாத்தான் அந்த ஆள் நிறுத்துவாரு."

ஒயர் அவன் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திரையைப் பார்த்தான். பாட்டில் இன்னும் ஒரு பக்கம். அக்காவைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று விரலைக் காட்டினான்.

அந்த ஒரு பக்கம் முழுக்க அத்தானின் விலா எலும்பில் வாசிக்கப்பட்டது. கடைசிக் குத்தும் கடைசிச் சுரமும் ஒன்றாக விழுந்தன. அண்ணன் எழுந்து, ரத்தக் கையோடு சபைக்கு வணக்கம் வைத்தார். அத்தான் எழவில்லை. வாயில் ரத்தம் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"நிக்கலையேப்பா," என்றார் மேனேஜர். "நாளையிலேர்ந்து வந்துடு."

அக்கா மேடைக்கு வந்தாள். புருஷனிடம் போவாள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் பொட்டி இருந்த மேசைக்கு வந்தாள்.

"ஒயர் கைக்கு எட்டலையாடா?"

"எட்டிச்சுக்கா," என்றான். அவன் விரல்கள் இன்னும் பொட்டியின் பொத்தான்கள் மேல்தான் இருந்தன.

அவள் அவசரப்படாமல் பொட்டியின் மூடியை அந்த விரல்கள் மேலேயே சாத்தி, அதன் மேல் முழங்காலை ஊன்றி ஏறினாள்.