நடுப்படியில் கண்ணாடி

பெரிய கண்ணாடியைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. தன் எடையிலேயே வளைந்து முறிந்துவிடும். நிமிர்த்திப் பிடித்தால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். படியேறும்போது மட்டும் ஒரு சிக்கல். மேலே போகிறவர் வழி காட்டுவார். எடை முழுக்கக் கீழே இருப்பவர் கையில் இறங்கும். அவர் கையை விட முடியாது.

மேலே கண்ணாடிக்காரர், கீழே அவர் மனைவியின் தம்பி. படி திரும்பும் இடத்தில் கண்ணாடிக்காரரின் கை வழுக்கியது. தேய்த்து மழுக்காத ஓரம் கையுறையைக் கிழித்து உள்ளங்கையில் இறங்கியது. வலிக்கும் முன்பே ரத்தம் தெரிந்தது. சாய்ந்திருந்த கீழ்விளிம்போடு ஓடி, மச்சினனின் வெறுங்கையை நோக்கி இறங்கியது.

போன வாரம்தான் மருத்துவமனையில் கண்ணாடிக்காரருக்கு எச்.ஐ.வி. என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரை போட்டால் நெடுநாள் வாழலாம், டம்ளரால் தொற்றாது, மனைவிக்கும் சோதனை எடுக்க வேண்டும் என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினார். எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டில் தனி டம்ளர், தனிப் படுக்கை. கேட்டால் சளி என்று சாக்கு.

காலையில்தான் மச்சினன் விரலை அறுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காயம் இன்னும் ஈரம்.

"நில்லு!"

"என்ன மாமா, மூச்சு வாங்குதா? வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கங்க."

"ரத்தம் வருதுடா. கையை எடு."

"எடுத்தா கண்ணாடி என் கழுத்துல இறங்கும். ரத்தம்தானே, துடைச்சுக்கலாம். ஏறுங்க."

சிவப்புக் கோடு இன்னும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"என் ரத்தம் உன்மேல படக் கூடாது. எனக்கு எச்.ஐ.வி. போன வாரம்தான் சொன்னாங்க."

மச்சினன் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தான்.

மச்சினன் ஒரு காலை மேல்படியில் வைத்து, விளிம்பைப் பூட்ஸ் மேல் இறக்கினான். சிமெண்டில் வைத்தால் ஓரம் தெறித்துவிடும். தோளை முட்டுக் கொடுத்த பிறகே விரல்களை விலக்கினான். ரத்தம் பூட்ஸில் சொட்டியது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்காரர் கிழிந்த கையுறையையே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன் மாமா."

"எப்படிடா சொல்றது?"

"என் விரலுக்கு இப்படிப் பதறுறீங்க. அவளை ஒரு வாரமா அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க. கையைக் கட்டுங்க முதல்ல. நான் பிடிச்சிருக்கேன்."

அவர் துணியைச் சுற்றி இறுக்கினார். இருவருமாகக் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தினார்கள். மச்சினன் கீழ்ப்படியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக்காரர் போனை எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்துடு. நானும் வரேன்."

"எதுக்குங்க? என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்றார். பிறகு, "என்னால" என்றார்.