உடையாமல் இருந்த மஞ்சள் கோடு

வியாழன், 15 பெப்ரவரி 2024

இன்று செய்த தவறு சின்னதுதான். நட்டுகளை இறுக்கிய பிறகு போட வேண்டிய மஞ்சள் கோட்டை, இறுக்குவதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

மாலை வகுப்பில் சொல்லித் தந்த முறை இது. நட்டை இறுக்கி முடித்ததும் அதன் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு எப்போதாவது நட் தளர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுக்கும். எங்கள் கராஜில் இதை நான் மட்டும்தான் செய்கிறேன். போத்தலில் பெயிண்ட் காய்ந்துகொண்டே வந்ததால், வீணாகிவிடும் என்று ஸ்டீயரிங் பாகங்களின் பதினொரு நட்டிலும் ஒரே மூச்சில் கோடு போட்டேன். அதன் பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினேன். நட் திரும்பத் திரும்பக் கோடுகள் உடைந்தன. நாளை திருத்தி வரைந்துகொள்ளலாம். சனிக்கிழமைதான் வண்டியைக் கொடுக்கிறோம்.

வண்டி, நல்லதண்ணி கணேசமூர்த்தி ஐயாவின் பழைய நீல லேண்ட்ரோவர் ஜீப். அவரும் அவர் மனைவி நாகலெட்சுமி அம்மாவும் அங்கே மலை ஏற வரும் யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். போன வருடம் ஐயாவுக்கு இடது தோளில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அந்த ஸ்டீயரிங்கை அவரால் திருப்ப முடியவில்லை. அதனால் வண்டியை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்போதே, அடிபட்டுக் கிடந்த ஒரு ஜப்பான் வேனிலிருந்து பவர் ஸ்டீயரிங் பெட்டியையும் எண்ணெய் பம்பையும் எடுத்துப் பொருத்தினோம். மூன்று மாத வேலை.

நாலே முக்காலுக்கு வகுப்புக்கு ஓடினேன். பதினொன்றையும் இறுக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாளை: கோடுகளைத் திருத்துவது. எண்ணெய்க் குழாய்க்கு இரண்டு கிளிப் வாங்குவது.

வெள்ளி, 16 பெப்ரவரி

வகுப்பில் கொடுக்கும் குறிப்பேட்டில் இதை எழுத முடியாது. அதனால் இங்கே, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் கிளிப் வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி ஒன்பதே முக்கால். ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"ஐயா நாளைக்கு வரைக்கும் பொறுக்காம வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. பத்தரைக்கு ராகு காலமாம், அதுக்கு முன்ன கெளம்பணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு" என்றார் துஷாந்த் அண்ணன். கராஜ் அவருடையது.

"நட்டெல்லாம் பாத்தீங்களாண்ணே?"

"குனிஞ்சு பாத்தேன்டா. எல்லாத்துலயும் மஞ்சள் இருந்துச்சு."

சரி என்று கிளிப்பைப் போட்டு வைக்க, சில்லறைச் சாமான்கள் போடும் பால் டின்னைத் திறந்தேன். உள்ளே ஒரு ஊசி கிடந்தது. ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டுகளில் நட்டை இறுக்கியதும், அது கழன்றுவிடாமல் குறுக்கே கோத்து மடக்கும் கம்பி ஊசி. மூன்று மூட்டு, மூன்று ஊசி. எண்ணித்தான் வாங்கினேன். ஒன்று மீதி இருக்கக் கூடாது.

ஊசி போடாத மூட்டை இறுக்கியிருக்கவும் மாட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் செய்வேன். அப்படியென்றால் ஒரு மூட்டு, கையால் சுற்றிவிட்ட நட்டோடு ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

"வேலை செய்யாமலே பேர் போட்டு வச்சிருக்கியேடா" என்றார் அண்ணன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உடனே என் போனைக் கைகாட்டினார். "போன் பண்ணு."

ஐயா உடனே எடுத்தார்.

"மதுரனா? என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க! ஒத்த விரலால திருப்புறேன். ஒத்த விரலு! பக்கத்துல எங்க வீட்டம்மா முருகா முருகாங்குறா. பின்னால மலைக்குப் போற ஆளுங்க நாலு பேரு. நோர்வூட்ல நின்னாங்க, ஏத்திக்கிட்டேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். 'நிறுத்துங்க' என்ற ஒரு சொல் போதும். நான் கேட்டது இதுதான்: "ஓட்டம் நல்லா இருக்குங்களா ஐயா?"

"அருமையா இருக்கு" என்றார். அதோடு லைன் விட்டுப்போனது. பிறகு எத்தனை தடவை எடுத்தும் கிடைக்கவில்லை.

அந்த "அருமை"தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. பழைய ஸ்டீயரிங்காக இருந்தால் மூட்டு தளர்ந்ததும் கையில் தெரிந்துவிடும். ஸ்டீயரிங் வளையம் ஆடும், சக்கரம் உதறும், ஓட்டுபவர் நிறுத்திவிடுவார். இப்போது பம்ப் எல்லாவற்றையும் இலேசாக்கி மறைத்துவிடுகிறது. கம்பி கழன்று விழும் வரை அருமையாகத்தான் இருக்கும்.

அண்ணன் இன்னொரு வண்டியை ஜாக்கியில் ஏற்றி வைத்திருந்தார். பைக் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"என் பைக்கை எடு. அதுக்குப் பிரேக்காவது இருக்கு. புடிச்சிட்டா, சும்மா ஒரு செக் பண்றேன்னு சொல்லி இறுக்கிட்டு வந்துரு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத. வெளிய தெரிஞ்சா கராஜை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்."

டிக்கோயாவைத் தாண்டினேன். நோர்வூட்டைத் தாண்டினேன். ஒவ்வொரு வளைவிலும் ரோட்டைப் பார்க்கவில்லை, ஓரத்தைத்தான் பார்த்தேன். தேயிலைச் செடிகள் நசுங்கியிருக்கிறதா, கீழே நீலமாக ஏதாவது கிடக்கிறதா என்று.

மஸ்கெலியாவுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் ரோட்டோரம் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பைக்கை நிறுத்திவிட்டு ஓடினேன். அருகே போன பிறகுதான் தராசு தெரிந்தது. கொழுந்து நிறுக்கிறார்கள்.

"அக்கா, நீலக் கலர் ஜீப்பு ஒண்ணு போச்சா?"

"போச்சே, இப்பத்தான். நீ என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வேகமா போச்சா?"

"கலியாண வீட்டுக்குப் போற மாதிரி பாம் பாம்னு கோன் அடிச்சுக்கிட்டுப் போச்சு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மஸ்கெலியா டவுனுக்கு அப்பால், நீர்த்தேக்கத்தை ஒட்டிய ரோட்டில் ஜீப்பின் முதுகு தெரிந்தது. ஒரு பக்கம் மலை. மறு பக்கம் நேரே இறங்கும் செம்மண் கரை, அதற்கும் கீழே தண்ணீர். நான் விடாமல் கோன் அடித்தேன். ஐயா கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையை வெளியே நீட்டி ஒரு விரலைக் காட்டினார். ஒரே விரல். அப்படியே அடுத்த வளைவில் திரும்பினார்.

எதிரே பஸ் வந்தது. அது போகும் வரை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். முன் சக்கரங்களையே பார்த்தேன். ஏற்றம் வந்ததும் முந்திப் போய் பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே போட்டேன். ஜீப் ஐந்தாறு அடி தள்ளி நின்றது.

"லூசாடா நீ?" என்று ஐயா இறங்கினார்.

நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். கோடுகளைத் தேடினேன். முதலாவது உடைந்திருந்தது. இரண்டாவதும் உடைந்திருந்தது. உடைந்திருந்தால் நல்லது. கோடு போட்ட பிறகு இறுக்கியிருக்கிறேன் என்று அர்த்தம். நான் தேட வேண்டியது உடையாத கோட்டை. ஒன்பதாவது நட்டில் அது இருந்தது. ஸ்டீயரிங் பெட்டியின் கையை நீளக் கம்பியோடு சேர்க்கும் மூட்டு. அதில் மட்டும் நட்டின் மேலிருந்த பாதிக் கோடும் இரும்பின் மேலிருந்த மறு பாதியும் நேராகச் சேர்ந்து நின்றன. வழியில் நட் தளர்ந்து ஒரு சுற்றோ, இரண்டு சுற்றோ முழுதாகச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றிருந்ததா, கடைசி வரை அசையவே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நட்டை விரலால் தொட்டேன். திரும்பியது. அது கழன்று விழ இன்னும் நாலு மரைதான் மீதி. மூட்டின் கூம்பு துளைக்குள் இறுகி நின்றதால் மட்டுமே கம்பி கழலவில்லை.

ஸ்பேனர் என் பையில் இருந்தது. ஊசியும் இருந்தது. இறுக்கினேன். ஊசியைக் கோத்து மடக்கினேன். மேலே யாரோ ஒரு யாத்திரிகர் "மொகத மல்லி, மொகத?" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன தம்பி, என்ன ஆச்சு என்று.

வெளியே வந்தேன். அண்ணன் சொல்லித் தந்தது நாக்கு நுனியில் இருந்தது. சும்மா செக் பண்ணேன் ஐயா. ஆனால் மற்றப் பத்தும்? கோடு உடைந்தால் நட் திரும்பியது என்றுதான் அர்த்தம். போதுமான அளவு இறுக்கினேனா என்று எந்தக் கோடு சொல்லும்? நேற்றைய என்னை நான் நம்பவில்லை. வண்டியின் ஜன்னலில் நாகலெட்சுமி அம்மா மடியில் தேங்காய்ப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு நட்டை நான் இறுக்கல" என்றேன். "கழண்டிருந்தா சக்கரம் உங்க பேச்சக் கேட்டிருக்காது. மத்ததையும் பாக்காம வண்டி போகக் கூடாது."

அவர் ரோட்டோரத்தை எட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"போன்ல பேசினியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்குப் பயமே இல்லாம இருந்துச்சேடா. அதுக்கு என்ன சொல்ற?"

நாகலெட்சுமி அம்மா இறங்கினார். "நான் அப்பவே சொன்னேன், மெதுவாப் போங்கன்னு. ஒத்த விரலாம், ஒத்த விரலு!" என்று ஐயாவின் தோளில், நல்லவேளையாக வலது தோளில், ஒரு அடி போட்டார். பிறகு ரோட்டுக் கல்லில் உட்கார்ந்து அழுதார். அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

யாத்திரிகர்கள் பஸ் ஏறிப் போனார்கள். ஐயாவும் நானும் ஜீப்பை ஊர்ந்து ஊர்ந்து அருகில் இருந்த தேயிலைத் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காவலாளியிடம் சொல்லிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வா. என் கண்ணு முன்னால செய். முடிச்சிட்டு நல்லதண்ணி வரைக்கும் என் பக்கத்துல நீ ஒக்காந்து வரணும். வருவியா?"

வருகிறேன் என்றேன். ஐயாவிடம் உண்மையைச் சொன்னதற்காகத் துஷாந்த் அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: காலை ஆறு மணி மஸ்கெலியா பஸ். எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் டோர்க் ஸ்பேனர், சுரண்டும் தகடு, புது ஊசி மூன்று, புதுப் பெயிண்ட் போத்தல். பழைய கோடுகளை எல்லாம் சுரண்டி எடுப்பது. பதினொரு நட்டையும் கழற்றி, ஒன்றிலிருந்து வரிசையாக இறுக்குவது. ஒவ்வொன்றையும் ஐயாவிடம் காட்டிய பிறகே கோடு. அதன் பின் முன் சீட்டில் ஏறுவது.