உங்களுக்கு அவங்க என்ன உறவு?

ஆம்புலன்ஸ் அழைப்பறையில் மாதம் ஒருமுறை பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். இந்த முறை அவள் எடுத்த அழைப்பு.

"அக்காவோட பொறுமையைப் பாருங்க, கத்துக்குங்க," என்றார் மேற்பார்வையாளர்.

அழைத்தவனின் குரலைக் கேட்டதுமே அவளுக்கு நினைவு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இனத்துக்காரன். நம் மொழியை இழுத்து இழுத்துப் பேசினான்.

"பழைய பாலத்து பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா விழுந்துட்டாங்க. மூச்சு ஒரு மாதிரி இருக்கு."

"உங்க பேரு? நம்பர்? உங்களுக்கு அவங்க என்ன உறவு?" என்றது அவள் குரல்.

"உறவெல்லாம் இல்லம்மா, யாருன்னே தெரியாது. வண்டி அனுப்புங்க."

"பொய்த் தகவல்னா கேஸாகும், தெரியுமில்ல?"

அதற்குப் பிறகுதான் வண்டி அனுப்பும் பொத்தானை அழுத்தும் சத்தம்.

இடம் தெரிந்ததும் பொத்தானை அழுத்து, மற்றதைப் பிறகு கேள்: அங்கே அதுதான் முதல் பாடம். நம் ஆட்கள் கூப்பிட்டால் அவள் விரல் தானாகப் போகும். இவனுக்கு ஐம்பது விநாடி. அவள் எண்ணினாள். அறையில் ஒருவர் முகமும் மாறவில்லை.

"அந்தம்மா பிழைக்கல, பாவம்," என்று கிசுகிசுத்தாள் பக்கத்து இருக்கைக்காரி. "நம்ம இனம்தான். தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"சும்மா சொன்னேன்டி. நீ வேற."

அவள் எழுந்தாள். "சார், நான் லேட்டா அழுத்தியிருக்கேன்."

மேற்பார்வையாளர் சிரித்தார். "அந்த ஆளுங்க போன்னா ரெண்டு தடவ விசாரிக்கத்தாம்மா வேணும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். அன்று வீட்டு மாடிப்படி ஏறும்போதும், குழாயைத் திறந்தபோதும், அந்த இழுவைக் குரல் பின்னாலேயே வந்தது. வண்டி அனுப்புங்க. கணவர் ஏதோ கேட்டார். அவர் குரலுக்கும் முன்னால் அவன் குரல்தான் கேட்டது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அதே இழுவை. இம்முறை ஒரு பெண்.

"மார்க்கெட் பின்வாசல்ல ஒருத்தர் மயங்கிட்டாரு..."

விரல் அழுத்திவிட்டது. "வண்டி கிளம்பிடுச்சும்மா."

அந்தப் பெண் நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலேயே பெயரைச் சொன்னாள், நம்பரைச் சொன்னாள், வேலை செய்யும் கடையைச் சொன்னாள். "அவரு எனக்கு யாருமில்லம்மா. ஆனா பொய் சொல்லல."

"கிளம்பிடுச்சும்மா. நம்புங்க."

"பொய் சொல்லலம்மா. என் புள்ள மேல சத்தியம்."

அந்த முனையில் சைரன் கேட்கும்வரை அந்தப் பெண் சத்தியம் செய்துகொண்டே இருந்தாள்.