ஆறரை மணி வெயில்

கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதோடு வைத்துப் பார்க்கிறார், உதறுகிறார், மறுபடி காதில் வைக்கிறார், ஓடுதே, என்கிறார் என்னிடம், ஓடுகிற கடிகாரத்தில் மணி ஐந்தேகால், எதிரே கடலில் சூரியனைக் காணோம், இப்போதுதான் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இருந்தது, சட்டென்று உள்ளே போய்விட்டது, மணல் சாம்பல் நிறமாகிறது, தென்னைகள் கறுக்கின்றன, என்ன இது, அஞ்சு மணிக்கே ராத்திரியா, என்று அவர் பொதுவாகக் கேட்க, இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெண் அரிவாளை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள், புதுசா வர்றவங்க எல்லாரும் இப்பிடித்தான் சார் வாட்ச்சத் தட்டிப் பாப்பாங்க, இங்க விடியறதும் சீக்கிரம் இருட்டறதும் சீக்கிரம், ரெண்டு நாள்ல பழகிடும், என்கிறாள். அவள் சொன்னது அவருக்கு, சில்லென்று இறங்கியது என் முதுகில். புதுசா வர்றவங்க. என் கணவர் இந்த அந்தமான் தீவில் ஏறக்குறைய இரண்டு வருஷம் மரக் கம்பெனியில் வேலை பார்த்தவர், எங்களுக்குக் கல்யாணமான ஆறாம் மாதம் என்னை அரக்கோணத்தில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர், ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம், அவர் சொல்லும் தீவுக் கதைகளில் எல்லாம் சாயங்காலம் ஆறரை மணி வெயிலில் உட்கார்ந்திருப்பார், ஆறரைக்குக்கூட முதுகு இதமா காயும்டி, என்பார், அந்த வெயில் எங்கே போயிற்று, இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இந்த மனிதர் இங்கே பொழுது சாய்வதைப் பார்த்ததில்லையா.

நான் சந்தேகப் பிராணிதான், மறைக்க மாட்டேன், பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் உள்ளே எடுத்துப் போக மாட்டேன், மூன்று கடையில் தேங்காயைத் தட்டிவிட்டு நாலாவது கடையில் வாங்குவேன், ஆனால் இது பிறந்த வீட்டில் வந்த புத்தி இல்லை, புகுந்த வீட்டில் அந்த இரண்டு வருஷத்தில் வந்தது. என் மாமியார் கிருத்திகை தவறாமல் பட்டினி கிடந்து திருத்தணிக்குப் போவார், காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார், திருத்தணி என்ன கைலாசமா, அரக்கோணத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம், ஒரு கிருத்திகை அன்று அவருடைய துணிப்பையை எடுத்துக் கொடுக்கப் போனவள் கையில் சூடு பட்டதும் பிரித்துப் பார்க்கிறேன், ஈரத் துண்டில் சுற்றிய அவித்த முட்டைகள், முட்டை என்ற சொல்லைக்கூடச் சமையலறையில் சொல்லக் கூடாத சைவ வீடு அது, அத்தை, பையில என்ன, சுடுதே, என்றேன், சாமிக்கு எலுமிச்சம்பழம்மா, வெயில்ல வச்சிருந்தேன், என்று பையைப் பிடுங்கிக்கொண்டார், காலை ஆறு மணிக்கு எந்த வெயில், எந்தச் சாமி சூடான எலுமிச்சம்பழம் கேட்டது, விரதத்தன்று கிழவி யார் வீட்டிலோ ஒளிந்து முட்டை தின்கிறாள் என்று நினைத்துப் போர்வைக்குள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது, அதோடு ஒன்றும் பிடிபட்டது, இந்த வீட்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்கிறார்கள்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் ரிக்‌ஷாவில் வந்து இறங்குகிறார் இவர், கையில் சோழி மாலை, கடல் காற்றில் கறுத்து வர வேண்டியவர் நிழலில் வளர்ந்த கீரைத்தண்டு போல வெளுத்து, கன்னம் உப்பி நிற்கிறார், தெருவே வாய் பிளந்தது, அந்தமான் தண்ணி ஒத்துக்கிச்சு போல, என்றார்கள், எனக்கு வயிறு எரிந்தது, அங்கே யாரோ ஒருத்தி வேளா வேளைக்குப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். வந்த அன்றே தன் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டார், அதில் வேறு யாரும் குடிக்கக் கூடாது, தட்டு தனி, துண்டு தனி, படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பி, ஏங்க, என் மேல என்ன கோவம், என்று கேட்டால், கோவமெல்லாம் இல்ல, அங்க தனியா இருந்து பழகிடுச்சு, என்பார், பிறகு வாசுகி பிறந்தாள், குழந்தை முகத்துக்கு நேரே மூச்சு விடக்கூடப் பயந்தாற்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சுவார், அங்கே இன்னொரு பிள்ளை இருப்பவன் இப்படித்தான் இருப்பான் என்று முடிவு கட்டினேன். மாமல்லபுரம் போனபோது கடையில் அதே சோழி மாலை தொங்குகிறது, அதே மஞ்சள் நூல், அதே முடிச்சு, இங்க எப்பிடிங்க, என்றேன், அங்கேர்ந்துதான் இங்க வருது, என்றார், வேகமாக நடந்தார். அன்று இரவு கனவில் வந்தாள் அவள், பச்சைச் சேலை, பெரிய கொண்டை, கடற்கரையில் உட்கார்ந்து நண்டு உடைத்து இவர் தட்டில் போடுகிறாள், என்னைப் பார்த்து, நீ எப்பம்மா வரப்போற, என்கிறாள், அதற்கப்புறம் எத்தனை வருஷம், அவளோடு நான் போட்ட சண்டையில் பாதிகூடப் பக்கத்து வீட்டோடு போட்டதில்லை.

அவளைப் பார்க்கத்தான் தீவுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தேன், அவரிடம் கடல் பார்க்க என்று சொன்னேன், இவர் காலண்டரைக் கையில் எடுத்துக்கொள்வார், சித்திரையா, உப்புப் புழுக்கம், உனக்கு ஆகாது, வைகாசியில காத்து மாறும், கப்பல் ஆடற ஆட்டத்துல குடல் வெளிய வந்துடும், ஆனி ஆடி ஆவணி பேசவே பேசாத, மழைன்னா நம்ம ஊர் மழை இல்ல, காட்டுக்குள்ள கால வச்சா அட்டை ஏறும், புரட்டாசியில வானம் வெளுத்தாலும் கடல் கலங்கித்தான் கிடக்கும், ஐப்பசி கார்த்திகை புயல், மார்கழியில கூட்டம், தங்க இடம் கிடைக்காது. அப்ப தை, என்பேன், முகம் மாறும், குரல்கூடத் தணிந்துவிடும், தைதாண்டி சீசன், கடல் படுத்துக் கிடக்கும், தண்ணி மூணு நிறத்துல தெரியும், அடியில கல்லு தெரியும், மீன் தெரியும், என்று சொல்லிக்கொண்டே போனவர் திடீரென்று நினைவு வந்தவராக, ஆனா பொங்கல விட்டுட்டு எப்பிடிப் போறது, என்று முடித்துவிடுவார், மாசியில ஆபீஸ்ல ஆடிட், பங்குனியில வருஷ முடிவு, ஆக வருஷத்தில் மாதம் தீர்ந்துவிடும், அடுத்த வருஷம் பார்க்கலாம். எதிர்வீட்டுக்காரர்கள் மார்கழியில் போய் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள், வைகாசியில் போன வாசுகியின் சிநேகிதி குடலோடுதான் வந்தாள், நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவேன், அவர் கேட்டுக்கொண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார், எந்த மாதத்தில் போனால் இவர் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார், எல்லா மாதத்திலும் அந்தப் பச்சைச் சேலைக்காரி அங்கேதானே இருப்பாள்.

ஓய்வு பெற்ற வருஷம், பொங்கல் முடிந்த மறுநாள், வாசுகி விமான டிக்கெட்டோடு வந்து நின்றாள், நான்தான் வாங்கச் சொல்லியிருந்தேன், ஆபீஸ் இல்லை, ஆடிட் இல்லை, பொங்கல் ஆகிவிட்டது, தைதான் சீசன்னு நீங்கதானே சொன்னீங்க, என்றேன், அவர் வாயாலேயே அவர் மாட்டிக்கொண்டார், மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு, எனக்கு நன்றாகவே இறங்கியது. இப்போது இருட்டிக்கொண்டு வரும் இந்தக் கடற்கரையில் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், படகுத்துறைக்கு வழி தெரியவில்லை இவருக்கு, பஸ் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை, ஆனால் விமானத்தில் வரும்போதே, மூணு நிறம் பாரு, என்று ஜன்னலைக் காட்டினார், கீழே மூன்று நிறம் இருந்தது, காத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொன்னார், அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. காற்றைத் தெரிந்திருக்கிறது, தெருவைத் தெரியவில்லை. பச்சைச் சேலைக்காரி இங்கே இல்லை என்று புரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, இங்கே இல்லையென்றால் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார், இவ்வளவு பெரிய கடலைக் காட்டி எதை மறைத்தார், இளநீர்ப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறாள், இருட்டில் அவள் சேலை பச்சையாகத்தான் தெரிகிறது.

விடிந்தும் விடியாமலும், டீ குடிச்சிட்டு வரேன், நீ படு, என்கிறார், அறையிலேயே டீ போடுகிற கெட்டில் இருக்கிறது, ஐந்து நிமிடம் விட்டு நானும் செருப்பை மாட்டினேன், பாக்குத் தோப்பு வழியாக மண் பாதை, முன்னால் அவர், பின்னால் நான், டீக்கடையில் டீ குடிக்கவில்லை, ஏதோ பெயர் சொல்லி வழி கேட்டார், ஒரு தகரக் கூரை வீட்டின் முன்னால் நின்று கையால் தலையைக் கோதிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார், பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படிச் சரிசெய்துகொள்ளவில்லை, பலா மரத்துக்குப் பின்னால் நிற்கிறேன், கதவு திறக்கிறது, பெண்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருக்கிறாள், கழுத்தில் சிலுவை, யாருங்க, என்கிறாள். யாருங்க என்று கேட்கிறாள்.

என் பேரு ஏகாம்பரம்ங்க, அரக்கோணம், என்கிறார் இவர், சூசைமாணிக்கம் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவன், ஆஸ்பத்திரியில. அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார், டி.பி. ஆஸ்பத்திரியிலயா, என்றார், பக்கத்துக் கட்டில்ல ஒரு தம்பி இருக்கான், அவங்கம்மா மாசா மாசம் முட்டை அவிச்சுக் கொண்டாருவாங்க, அதுல ரெண்டு எனக்குத்தான்னு, ஊருக்கு வந்த ஆள்கிட்ட எங்க வீட்டுக்காரர் சொல்லி விட்டிருந்தாரு, அந்தத் தம்பியா நீங்க. ஆமாங்க, என்ற இவர் தோள் குலுங்குகிறது, அண்ணன் இருமி முடிச்சதும் இந்தத் தீவத்தான் பேசுவாருங்க, எந்த மாசம் காத்து, எந்த மாசம் அட்டை, எல்லாம் அவர் சொன்னதுதான், தையில வாடா, கடல் படுத்துக் கிடக்கும், நானே கூட்டிட்டுப் போறேன்னாரு, நான் எந்திரிச்சுட்டேன், அவர் எந்திரிக்கல, உங்கள வந்து பாக்கணும்னு ஒவ்வொரு தையிலயும் நினைப்பேன், வந்தா என் பொய் தெரிஞ்சுடும், நெஞ்சு நோய்னு சொன்னா பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு எங்கம்மா அந்தமான்ல வேலைன்னு சொல்லிட்டாங்க, நானும் அண்ணன் சொன்னத எல்லாம் கண்ணால பாத்த மாதிரி வீட்ல சொல்லிட்டே இருந்துட்டேன். உள்ள வாங்க தம்பி, என்றார் அந்த அம்மாள், அவர் சொன்ன மாசத்துலதான வந்திருக்கீங்க.

திரும்பி நடந்தேன், பாதை தெரியவில்லை, கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம், நோய்க்காக இல்லை, ஒரு முட்டையைக்கூட நான் அவித்துக் கொடுக்க விடவில்லையே என்று, இல்லாத ஒருத்தியோடு என்னைக் காலம் பூராவும் மல்லுக்கட்ட விட்டார்களே என்று, அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் கண்டிப்பாக என்னைக் கூட்டிப் போயிருப்பார், நானும் போயிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு அதை யார் சொல்ல முடியும். கோடு கிழித்த டம்ளர், சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு, திருப்பிக்கொண்ட முகம், எல்லாம் எனக்கும் வாசுகிக்கும் நோய் தொற்றாமல் இருக்கத்தானா, குணமான பிறகும் நம்பாமல் தன் மூச்சைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர் என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார், என்னைப் போய் நான் சந்தேகப் பிராணி என்று நினைத்திருந்தேன். ஆறரை மணி வெயில்கூடப் பொய்யில்லை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நோயாளிகளைச் சாயங்காலம் வெளியே உட்கார வைத்திருப்பார்கள், நம் ஊர் வெயில், முதுகு இதமாகக் காய்ந்திருக்கும், அந்த ஒன்றை மட்டும் அவர் சொந்தமாகச் சொல்லியிருக்கிறார், அதிலேயே மாட்டிக்கொண்டார். பாக்குத் தோப்பில் பச்சைச் சேலைக்காரியைத் தேடினேன், இல்லை, போய்விட்டாள், சண்டை போட ஆளில்லாமல் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அதே இடம், அதே மணல், எங்க போயிருந்தீங்க காலையில, என்று நான் கேட்கவில்லை, கேட்காதது அவருக்கே பயமாக இருந்திருக்கும், அடிக்கடி என் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்கில் கொண்டுவந்த டீயைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார், அந்தக் கோடு போட்ட டம்ளரை இங்கேயும் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார், பாதி குடித்து மணலில் வைத்தார், நான் எடுத்து அண்ணாந்து ஊற்றாமல் விளிம்பில் உதடு வைத்துக் குடித்தேன், ஏய், அது என்னோடது, என்று கை நீட்டுகிறார், தெரியும், என்றேன். கடல் படுத்துத்தான் கிடந்தது, தண்ணீர் மூன்று நிறத்தில் இருந்து, இரண்டாகி, ஒன்றாகி, சூரியன் நேற்றுப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போயிற்று, இளநீர்ப் பெண் கூடையை அடுக்குகிறாள், கால் நனைக்கப் போகும்போது கழற்றி என்னிடம் கொடுத்த கடிகாரம் என் கையில்தான் இருக்கிறது, மணி என்ன, என்கிறார் இருட்டில். கடிகாரத்தை என் காதோடு வைத்துப் பார்க்கிறேன், ஓடுகிறது, ஐந்தரைகூட ஆகவில்லை.

ஆறரை, என்றேன்.

அவர் கடல் இருந்த பக்கம் பார்த்தார், பிறகு என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, துடைக்காமல், நான் குடித்த பக்கத்திலேயே வாய் வைத்து மிச்ச டீயைக் குடித்தார்.