காலியாகத் திரும்பும் லாரிகள்

அந்த மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குள் புகுந்தபோது, சலவைத்தூள் கம்பெனியின் கிடங்கும் சோப்புக் கம்பெனியின் கிடங்கும் ஒரே நாளில் முழுகின. வெள்ளம் வடிந்ததும் தெரு முழுக்க முழங்கால் அளவு நுரை. இரண்டு கம்பெனி ஆட்களும் மண்வெட்டியும் குழாயுமாக வந்து நின்றார்கள். எந்த நுரை யாருடையது என்று சொல்ல முடியவில்லை. பேசாமல் சேர்ந்தே தள்ளினார்கள்.

அடுத்த வருஷமும் அதே மழை, அதே நுரை. பூமி சூடாகச் சூடாக இப்படித்தான் கொட்டும் என்று வானிலை அறிந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பேட்டையின் நான்கு பெரிய கம்பெனிகள் ஒரு மேசைக்கு வந்தன. சலவைத்தூள், சோப்பு, குளிர்பானம், பெயின்ட். அரசாங்கம் உத்தரவு போடவில்லை, யாரும் வழக்குத் தொடரவில்லை. தாங்கள் விடும் புகையைச் சேர்ந்து குறைப்பது என்று முதலாளிகள் தாங்களாகவே கையெழுத்துப் போட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று கண்டுபிடிக்கிற வேலை மட்டும், வழக்கம்போல, படியிறங்கிக் கீழே வந்தது.

சலவைத்தூள் கம்பெனியில் அது வந்து நின்ற இடம், லாரிகளை அனுப்பும் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவளின் மேசை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு வீட்டில் ‘கேள்வி’ என்றே பெயர். கூட்டத்துக்குப் போக அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. காரணம் புகை மட்டுமல்ல. சோப்புக் கம்பெனியில் அதே வேலையைப் பார்ப்பவர் அவள் கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து ஆபீஸ் பேச்சு வாசலோடு சரி என்று இருவரும் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கம்பெனிகள். “உங்க ரெண்டு பேர்ல யாரு ஒற்றன்?” என்று மகள்கூடக் கிண்டல் செய்வாள். அதனாலோ என்னவோ, அவர் வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். “ம்”, “சரி”, “உப்பு கம்மி”, அவ்வளவுதான். இந்த மனுஷன் ஆபீசில் எப்படி இருப்பார் என்று அவள் பல வருஷமாக யோசித்திருக்கிறாள்.

கூட்டம் குளிர்பானக் கம்பெனியின் நீளமான அறையில் நடந்தது. முதலில் எழுந்தவர் வக்கீல் அம்மா.

“விலையைப் பத்திப் பேசக் கூடாது. வாடிக்கையாளர் யாருன்னு பேசக் கூடாது. அடுத்து என்ன சரக்கு வருதுன்னு பேசக் கூடாது. பேசினா நீங்க கூட்டாளிங்க இல்ல, கூட்டுக் களவாணிங்க.”

“அப்ப எதத்தான் பேசறது?” என்றார் குளிர்பானக்காரர்.

“மழையைப் பத்திப் பேசலாம். அதுக்குத்தானே வந்திருக்கீங்க,” என்றார் வக்கீல் அம்மா, சிரிக்காமல்.

அப்போது கதவு திறந்தது. “வாங்க ரேடியோ, உங்களத்தான் காணோம்னு பாத்தோம்,” என்றார் பெயின்ட் கம்பெனிக்காரர். உள்ளே வந்தவர் அவள் கணவர்.

நாற்காலியை இழுக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். டயர் எப்போது தேயும், எந்த வளைவில் டீசல் அதிகம் குடிக்கும், எந்த ஓட்டுநர் பாட்டுப் போட்டால் வண்டி மெதுவாகும் என்று கையை வீசி வீசிச் சொன்னார். மேசையே சிரித்தது. அவளைக் கண்டதும் மட்டும் ஒரு நொடி தடுமாறி, “வணக்கம் மேடம்,” என்றார்.

“வணக்கம் சார்,” என்றாள் அவள்.

அன்று மாலை வீட்டில், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

“உங்கள ஏன் ரேடியோன்னு கூப்பிடறாங்க?”

அவர் தன் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். “அங்க பேசிக்கிட்டேதான் இருப்பேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் லாரிதான். வீட்டுல லாரியப் பேசக் கூடாதுன்னா நான் வேற என்னத்தப் பேசுவேன்?”

சிரிப்பதா வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டங்கள் நகராமல் நின்றன. லாரிகளைப் பகிர்ந்துகொண்டால் புகை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லாரி எந்தக் கடைக்குப் போகிறது என்று சொன்னால் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வக்கீல் அம்மா தலையை ஆட்டி நிறுத்தினார்.

அவள் யோசித்துப் பார்த்துக் கேட்டாள். “சரக்கோட போற வண்டியப் பத்திப் பேசவே வேண்டாம். காலி வண்டி எந்த ரோட்டுல ஓடுதுன்னு மட்டும் சொன்னா?”

வக்கீல் அம்மாவின் பேனா நின்றது. “கடையைச் சொல்லாம ரோட்ட மட்டுமா? என் முன்னாலயே சொன்னா, தப்பில்ல.”

தடை நீங்கிவிட்டது. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்தவர்கள் இப்போது வெட்கத்துக்குப் பயந்தார்கள். அவள் பக்கத்தில் இருந்த பொது மேலாளர் குனிந்து, “நம்ம லாரி காலியா ஓடுதுன்னு நாமளே சொல்றதா? மானம் போயிடும்,” என்று முணுமுணுத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் தொண்டையைச் செருமினார். இந்த முறை கையை வீசவில்லை.

“நாங்க துறைமுகத்துக்குச் சோப்பு ஏத்திட்டுப் போறோம். வரும்போது காலி. தினமும் காத்தச் சுமந்துக்கிட்டு டீசல எரிக்கிறோம். ஆபீஸ்ல சொன்னா, எல்லாரும் அப்படித்தான்னு சொல்லிடறாங்க. எல்லாரும் அப்படித்தானா? எனக்கு அது தெரியணும்.”

அவள் பொது மேலாளரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “நாங்க அதே ரோட்டுல காலியாப் போறோம்,” என்றாள். “துறைமுகத்துல சலவைத்தூளுக்குப் போடற சோடா உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு வர்றோம்.”

ஒரே சாலையில் ஒருவருடைய லாரி போகும்போது நிறைந்தும், இன்னொருவருடைய லாரி வரும்போது நிறைந்தும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு லாரியின் வேலையை இரண்டு லாரிகள் செய்துவந்தன, அதுவும் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு.

“இத்தன வருஷமா?” என்றார் வக்கீல் அம்மா. சட்டத்தை மறந்து அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்ததும் பொது மேலாளர் அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். ஆனால் முதலாளி கையெழுத்துப் போட்ட விஷயம். ஒரு வண்டியை விட்டுப் பார்க்கலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார்.

அந்த முதல் வண்டியில் துறைமுகத்திலிருந்து அவளே ஏறி வந்தாள். சோப்புக் கம்பெனியின் லாரி, அவள் கம்பெனியின் சோடா மூட்டைகள். ஓட்டுநர் பாதி வழியில், “முதுகு வலிக்கலையேன்னு பாக்கறேன்,” என்றார்.

“ஏன் வலிக்கணும்?”

“காலி வண்டி துள்ளும்மா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். பாரம் இருந்தா அலுங்காம வரும். திரும்புற வழியில இப்படி வந்ததே இல்ல.”

பாரத்தோடு வருவது அவருக்குச் சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. ஊர் வந்து சேரும்வரை அவரை விதவிதமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவள் கம்பெனியின் கேட்டில் காவலாளி தடுப்புக் கம்பைத் தூக்க மறுத்துவிட்டார். “எதிரி வண்டிய உள்ள விட்டா எனக்கு வேலை போயிடும்.” அவள் சொல்லியும் கேட்கவில்லை. விஷயம் காதுக்கு எட்டி, பொது மேலாளரே இறங்கி வந்தார். பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்த சோப்பின் பெயரைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு வேட்டைக்காரர் மாதிரி பின்பக்கம் போய், ஏணியில் ஏறி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“நம்ம மூட்டைதான்,” என்றார், ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியாத குரலில். “உள்ள விடு.”

தங்கள் காலி வண்டிகளைச் சொல்ல மனம் வராத பெயின்ட் கம்பெனி விலகிக்கொண்டது. மற்ற மூன்றும் நின்றன. துறைமுகச் சாலையில் அவர்களுடைய லாரிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தன. “இதனால மழை சரியாயிடுமா?” என்று சாப்பாட்டு மேசையில் மகள் கேட்டாள்.

“இது மட்டும் போதாது,” என்றார் அவள் கணவர். “இன்னும் எங்கெங்க வீணாக்கறோம்னு பாக்கணும்.” பிறகு டயரைப் பற்றி ஆரம்பித்தார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்மா எழவில்லை.

அடுத்த கூட்டம் முடிந்து இருவரும் குளிர்பானக் கம்பெனியின் பின்வாசல் வழியாக வந்தார்கள். சுவரோரச் சாக்கடையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவள் நின்றாள்.

“இது எங்கேருந்து வருது?”

“பாட்டில் கழுவுற தண்ணி போல.”

“நாங்க சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன் போட்டுத் தண்ணிய சூடு பண்றோம். இவங்க இந்தப் பக்கம் சுடுதண்ணிய ஊத்தறாங்களா?”

அவர் குனிந்து, சாக்கடையில் கொட்டும் குழாயின் வாயில் விரலை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். “நல்லாவே சுடுது.”

குழாய் எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று பார்க்க, அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையோரமாக நடக்க ஆரம்பித்தாள்.