கடைசி ஆளுக்குப் பின்னால்

எங்கள் கல்லூரிக்கு ஆஸ்திரேலியக் கால்பந்து வந்ததற்கு ஆஸ்திரேலியா பொறுப்பல்ல. உடற்கல்வி குருமூர்த்தி சார்தான் பொறுப்பு. கிரிக்கெட்டில் மாநில அணிக்குப் போக வேண்டுமானால் ஊரையே தாண்ட வேண்டும். யாரும் ஆடாத ஆட்டத்தில் தாண்டுவதற்கு ஆளே இருக்காது என்று ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குத் தோன்றியது. மறு வாரம் முட்டை வடிவத்தில் பந்து வந்து இறங்கியது. ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு தைலமரக் கம்பங்களை நட்டார்கள். மாடு கட்டத்தான் என்று கேன்டீன்காரர் இன்றுவரை நம்புகிறார்.

ஆட்டம் எளிதுதான். பந்தை உதைக்கலாம், பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்துச் சந்தில் போனால் ஒன்று, ஆறுதல் பரிசு மாதிரி. முழு அணிக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். எங்களுக்கு ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள். ஒன்பது பேர் ஆட்டமே ஆடினோம். முன்னால் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் மூன்று.

கேப்டன் என்பவன் கோல் போட வேண்டும், போட்டோவில் நடுவில் நிற்க வேண்டும் என்பது சாரின் கொள்கை. ஆனால் அணி கேட்டது சுடலைமுத்து அண்ணன் பேச்சைத்தான். எனக்கு ஒரு வருஷம் சீனியர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா பவளம் ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடுகிறார். அண்ணன் நின்றது எல்லோருக்கும் கடைசியில், கம்பத்தை ஒட்டி. அங்கே நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும். வலது என்பதற்கு அவர் வாயில் சோத்தாங்கை, இடது என்பதற்குப் பீச்சாங்கை. வெளியூர் அணிகள் முன்னால் சாருக்கு இது பெரிய மானப் பிரச்சினை.

"திரும்பிப் பாக்காதல," என்பார் அண்ணன். "நீ பந்தப் பாரு. ஒன்ன நான் பாத்துக்கிடுதேன்."

நாங்களும் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் நான்கு கம்பம், ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம். அவ்வளவுதான்.

படிப்பு முடிந்ததும் அண்ணன் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனிக்குப் போனார், டிரெய்னியாக. மேலே கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. கீழே நின்று "இறக்கு, நிறுத்து" என்று கத்துகிற வேலை. மைதானத்தில் சும்மா செய்ததைக் கம்பெனியில் சம்பளத்துக்குச் செய்தார்.

கடைசி இடம் எனக்கு வந்தது. தகுதி, வாய். துறை வாட்ஸாப் குழுவில் பேராசிரியர்களைப் பற்றி நான் எழுதுகிறவற்றுக்கு நல்ல பெயர். எழுதியது யாரென்று பேராசிரியர்களுக்குத் தெரியாததால் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மைதானத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. "மாதேஷ், உங்க மாமனார் ஊரு பக்கமா ஒருத்தன் சீர்வரிசையோட வர்றான் பாரு" என்று நான் முடிப்பதற்குள் எதிரணிக்காரன் ஆறு புள்ளி எடுத்துவிட்டான். எனக்கு முன்னால் இடப்பக்கம் நின்ற மாதேஷ் நிதானமாகத் திரும்பினான்.

"எனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியேடா."

அப்படியே ஆடி, நட்பு ஆட்டங்களில் எல்லா அணியிடமும் தோற்றோம்.

மார்கழி வந்தது. ஓசூரில் மார்கழிக் காலை என்றால் பனிமூட்டம். பக்கத்துக் கம்பமே பாதிதான் தெரியும். ஒரு நாள் பயிற்சியில் எங்கோ பந்து உதைபட்ட சத்தம் மட்டும் கேட்டது. சொல்வதற்கு ஒரு நல்ல கிண்டலை நான் தேடிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து தெளிவாக வந்தது.

"ஏல பூபதி, சோத்தாங்கை."

கால் தானாக வலப்பக்கம் போனது. பனியைக் கிழித்துக்கொண்டு பந்து நேராக என் நெஞ்சில் வந்து விழுந்தது. பிடித்துக்கொண்டு திரும்பினேன். நான்கு கம்பம். வேலி. தக்காளிச் செடிக்கு ஊன்றிய குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நீர். ஆள் இல்லை.

"யாருடா மிமிக்ரி பண்றது?" என்றேன்.

மாதேஷ் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். "ஏனோ இது," என்றான். பயம் வந்தால் அவனுக்கு வீட்டுக் கன்னடம் வந்துவிடும்; என்னடா இது என்கிறான். வலப்பக்கம் நின்ற கோபிக்குத் தெலுங்கு; வேண்டாம்டா என்கிறான். "ஒத்துரா சாமி," என்று பனியனுக்குள்ளிருந்து தாயத்தை எடுத்து வெளியே போட்டுக்கொண்டான்.

முன்னால் நின்ற ஆறு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் நின்ற மூன்று பேருக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு தொடங்கிய கோப்பைப் போட்டியில் எங்கள் கம்பத்துக்குள் பந்து போகவே இல்லை. பனியில் எதிரணிக்குத் தன் கையே தெரியாத நேரத்தில், எங்கள் மூவருக்கும் பந்து எங்கே வரும் என்று உதைப்பதற்கு முன்பே தெரிந்தது. சோத்தாங்கை என்றால் கோபி போவான். பீச்சாங்கை என்றால் மாதேஷ். குரல் ஒருமுறைகூடத் தப்பவில்லை. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. என் தலைமைப் பண்பு மெருகேறியிருப்பதாக குருமூர்த்தி சார் பிரின்சிபாலிடம் சொன்னார். நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தக்காளித் தோட்டத்தில் ஒளிந்துகொண்டு விளையாடுகிறீர்களா என்று கேட்டுக் கையும் களவுமாகப் பிடிப்பது திட்டம். சிப்காட்டுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். "வால" என்கிற வடிவத்தில் உதடு விரிந்தது. சத்தம் இல்லை.

"பேச்சு நின்னுபோச்சுய்யா," என்றார் பவளம் அம்மா. "பனி விழ ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான். ஆஸ்பத்திரில குழாய விட்டுப் பாத்துட்டு தொண்ட நல்லாருக்குன்னுட்டாக. நல்லாருந்தா ஏன்யா பேச மாட்டுக்கான்?"

"வேலைக்குப் போறாருங்களா?"

"போயிட்டு வாரான். நைட்டு ஷிப்ட்டு. ஒரு பய கிரேனுக்குக் கீழ போயிருக்கான். இவனுக்குச் சத்தம் குடுக்க முடியல. ஓடிப்போயித் தள்ளி விட்டிருக்கான், இல்லன்னா அந்தப் பய இல்ல. கத்த முடியாதவனுக்கு இந்த வேலை எதுக்குன்னு சூப்பர்வைசர் கேக்காரு. நாளைய விட்டு அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பேச்சு வரலன்னா கார்டக் குடுத்துரணுமாம்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டென்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒம் பேரு என்னய்யா?"

"பூபதிம்மா."

"ஷிப்ட்டு முடிஞ்சு வந்து படுப்பாம்லா. விடிஞ்சும் பனி போகாத நேரம் தூக்கத்துல வாயி மட்டும் அசையும். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன், சத்தமே வராது. பூபதி, பூபதின்னு சொல்லுத மாதிரி இருக்கும். எந்திரிச்சா நாளெல்லாம் அதட்டுனவன் மாதிரி தொண்டயப் புடிச்சுக்கிடுவான்." அண்ணன் தோளில் கை வைத்தார். "அவன எதுக்குய்யா தெனமும் விடியக்காலத்துல கூப்பிடுதிய?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிண்டல் சேர்க்காமல் பேசினேன். மைதானத்தில் கேட்பதைச் சொன்னேன். அண்ணன் ஆச்சரியப்படவில்லை. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் தொண்டையைக் காட்டினார். பிறகு கையை விரித்தார்.

நீ பேசாததால் நான் பேசுகிறேன். இதைவிட வேறு எப்படியும் எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் கேன்டீனில் மாதேஷிடமும் கோபியிடமும் சொன்னேன்.

"பைனல் வெள்ளிக்கெழம," என்றான் மாதேஷ். "அவருக்கு அடுத்த திங்கக்கெழம வரிக்கும் டைம் இருக்குது. பைனல் முடிச்சுட்டு குடுத்துர்லாம்."

"அது என்னாடா, வாடகைக்கு எடுத்த பந்தலா?" என்றான் கோபி. "பைனல் முடிஞ்சா ஸ்டேட் மேட்ச்சு. அப்ப மட்டும் உட்ருவியா? அதுவும் பனி போச்சுன்னா? பனியோட அந்தக் கொரலும் போய்ட்டா, அவரு எங்கடா போயித் தேடுவாரு?"

மாதேஷ் டீயைக் குடித்து முடித்தான். "சரி. எப்டித் திருப்பிக் குடுக்கறது?"

"எடம் காலியா இருக்கறதாலதான் வந்து நிக்கறாரு," என்றேன். "நான் நின்னுட்டன்னா போயிருவாரு."

"நீயா?" என்றான் மாதேஷ். அதில் இருந்த மரியாதையை நான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி அணி வந்தது. மாம்பழ நிறப் பனியன், மாவட்டத்துக்கு விசுவாசமானவர்கள். பனி அன்றைக்குக் கழுத்தளவில் உட்கார்ந்திருந்தது. தலைகள் தனியாக மிதந்து போயின. விசில் ஊதியதும் பின்னால், கம்பத்துக்குப் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏல மாதேசு, பீச்சா..."

"மாதேஷ், பீச்சாங்கை," என்று நான் அந்தக் குரலுக்கு மேலே கத்தினேன். மாதேஷ் போனான், குத்தி விட்டான். ஆனால் அது சொல்லி நான் சொல்வது சொல்வதாகாது. கோயில் மைக்கின் எதிரொலி மாதிரி அது பாட்டுக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்கு இடம் விடாமல் பேச வேண்டும். பேசினேன். கோபி முன்னால போ. மாதேஷ் உன் பின்னாடி ஆள். விடு. குத்து. வா. எல்லாம் ஒற்றைச் சொற்கள். ரசிக்க ஒன்றுமில்லாத, ஒருவனும் யாருக்கும் பார்வேர்ட் செய்ய மாட்டாத சொற்கள். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியிலெல்லாம் பிடரியில் ஈரக் காற்று பட்டது, யாரோ ஒரு வார்த்தையைத் தொடங்கப் போவதுபோல.

குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. முதலில் கம்பத்தருகே. பிறகு வேலியருகே. பிறகு தக்காளிக் குச்சிகளுக்கு நடுவே எங்கேயோ.

கடைசி நிமிடங்களில் பனி தலைக்கு மேல் ஏறியது; நாங்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். தடுத்தால் கோப்பை. கிருஷ்ணகிரிக்காரன் பனிக்குள்ளிருந்து பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு நிழல் மட்டும். அது இடப்பக்கம் சாய்ந்தது.

தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து, ரொம்ப மெல்லிசாக, "சோத்தாங்கை" என்று வந்தது.

அது தப்பியதே இல்லை என்று எனக்குத் தெரியும். மாதேஷுக்கும் தெரியும், கோபிக்கும் தெரியும். இருவரும் அரை நொடி நின்றார்கள். அதையே நானும் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோப்பை எங்களுக்கு, பேச்சும் எங்களுக்கு.

"பீச்சாங்கை," என்றேன். "ரெண்டு பேரும். திரும்பிப் பாக்காதீங்க. நீங்க பந்தப் பாருங்க."

இருவரும் இடப்பக்கம் ஓடினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் பேச்சை யாராவது அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

பந்து வலப்பக்கம் விழுந்தது. மாம்பழப் பனியன் ஒன்று அதை எடுத்து, அவசரமே இல்லாமல், நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தது.

தோற்றோம். குருமூர்த்தி சார் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் கம்பத்தருகே உட்கார்ந்தோம். பனி விலகத் தொடங்கியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தோட்டத்தில் ஒரு பைப்பில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

பைக்குள் என் போன் அடித்தது. அண்ணன் எண். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு. பின்னணியில் பவளம் அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு, தூங்கி எழுந்த கரகரப்போடு:

"ஏல மூதி. சோத்தாங்கைன்னுல்லா சொன்னேன்."

மாதேஷ் முகத்தைப் பனியனால் மூடிக்கொண்டான். கோபி என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவ்வளவு நேரம் கத்தினால் தொண்டை கட்டத்தான் செய்யும். மறுபடி முயன்றேன்.

"சரி, சரி," என்றார் அண்ணன் போனில். "தோத்துட்டு என்னல சிரிப்பு ஒனக்கு?"

நான் சிரிக்கவில்லை. மாதேஷும் கோபியும் அசையாமல், எனக்குப் பின்னால், கம்பங்களுக்கு அந்தப் பக்கம், என் குரலில் சிரிப்பு வந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.